தேங்காய் எண்ணெய் ஊற்றிய எஞ்சின்

“ஒண்டுதான் உழைக்குது. மற்றது சும்மா கூட நிண்டு படம் காட்டுது.”

“எங்கட மீனவர் சங்கத் தலைவர் மாதிரியெண்டு சொல்லுங்க, காக்கா.”

அண்ணன் முறையில் எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் மெக்கானிக் உசனார் சிரித்தார். கனகசூரியமும் சிரித்தான். அவன் மனைவி தெய்வமணி சிரிக்கவில்லை. ஓட்டமாவடி ஆற்றங்கரையில், தண்ணீர் நிரப்பிய பீப்பாயின் விளிம்பில் மாட்டியிருந்த அவர்களுடைய வள்ளத்து இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் இருமல்காரனைப் போல ஓடிக்கொண்டிருந்தது. நாலு அடி, ஒரு தவறல், பிறகு இரண்டு அடி. ஒவ்வொரு தவறலுக்கும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

உசனார் மேல் சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றினார். எஞ்சின் உடனே நின்றது. திரும்பக் கயிற்றை இழுத்து ஓடவிட்டு, கீழ் சிலிண்டரின் வயரைக் கழற்றினார். சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை.

“பாத்தியா? இவன் இருந்தாலும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான்.”

பிளக்குகளை இடம் மாற்றிப் பார்த்தார். குறை கீழேயே நின்றது. நெருப்புப் பொறி நீலமாக வந்தது. கடைசியில் பிளக்கைக் கழற்றிய துவாரத்தைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு கனகசூரியத்தைக் கயிறு இழுக்கச் சொன்னார். மேல் சிலிண்டர் விரலைத் தள்ளி எறிந்தது. கீழ் சிலிண்டர், சூடான தேநீரை ஊதுவதுபோல மெல்ல ஊதியது.

“காத்து ஒழுகுது. பிஸ்டன் ரிங் ஒட்டிப்போய்க் கிடக்கு.” டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். “ஒரு கீறலும் கிடக்கு. மண்ணுக்குள்ள தாட்டு வெச்ச எண்டீங்க, உள்ளுக்கு என்ன ஊத்தின?”

“எஞ்சின் ஒயில்தான். நான் அப்ப டவுனில மாட்டுப்பட்டுட்டன். இவதான் தாட்டவ. செல் குண்டு விழக்குள்ள எஞ்சினக் காப்பாத்தின பொம்பிள!”

தெய்வமணி தன் கால்விரல்களைப் பார்த்தாள். பழைய வள்ளத்தைச் சுனாமி கொண்டுபோனபின் நிவாரணமாக வந்த எஞ்சின் இது. எட்டு மாதத்துக்கு முன் கதிரவெளியை விட்டு ஓடும்போது, ஒயில் கேன் வெறுமையாக இருந்தது. உப்பு தின்னாமல் இருக்கட்டும் என்று தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயைப் போத்தலோடு உள்ளே கவிழ்த்துவிட்டாள். அதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

“ரிங் மாத்தி ஓட்டலாம்,” என்றார் உசனார். “இல்லாட்டி, இது சரிவராதெண்டு நான் ஒரு கடிதம் தாறன். சங்கத்துக்கு வாற புது எஞ்சின்ல ஒண்டுக்கு உன்ட பேரப் போடுவாங்க.”

“எப்ப வரும்?”

“மூணு மாசம் எண்டாங்க.”

“மூணு மாசமா! மறுகா வாடைக் காத்து தொடங்கிரும், கடலுக்கு இறங்க ஏலா. ஆமிக்காரனுகள் இப்பதான் கடலுக்குப் போக விட்டிருக்கிறானுகள். வாழைச்சேனைக்குப் போய் ரிங் வாங்கிட்டு வாறன்.”

உசனாரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் போனபின் உசனார் கீழ் சிலிண்டருக்குள் மண்ணெண்ணெயும் பெற்றோலும் கலந்து ஊற்றி ஊறவிட்டார். தேநீர் குடித்து முடித்துவிட்டு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கொடுத்தார். பிளக்கை மாட்டினார். எஞ்சின் வெள்ளைப் புகையைக் கக்கியது. கரையெங்கும் வாழைக்காய் பொரிக்கும் வாசம் பரவியது.

உசனார் நிமிர்ந்தார். “ஒயில் இப்பிடி மணக்காதே, தங்கச்சி.”

“தேங்காய் எண்ணெய், காக்கா. வேற ஒண்டும் கைக்குக் கிடைக்கல்ல.”

புகை மெலிந்தது. தவறல் ஒன்று வந்தது. பிறகு வரவில்லை. எஞ்சின் ஒரே நூலில் கோத்த சத்தமாக ஓடத் தொடங்கியது. உசனாரின் முகம் மலர்ந்தது. “ஒட்டின ரிங் விட்டுட்டு! பாத்தீங்களா!”

“இனி நிக்காதா?”

“கீறல் கிடக்கே. புது ரிங் போட்டாலும் அது போகாது. கரையோட ஓடலாம். தூரத்துக்குப் போனா, வரும் எண்டும் சொல்ல ஏலா, வராது எண்டும் சொல்ல ஏலா.”

கச்சான் காற்று மேற்கிலிருந்து அவள் சேலையைக் கடல் பக்கமாக இழுத்தது. இந்தக் காற்றுக்குள் எஞ்சின் நின்றால் வள்ளம் கரைக்கு வராது, வெளியேதான் போகும். இடம்பெயர்வதற்கு முந்தைய கச்சானில் அவளுடைய தம்பியின் வள்ளம் அப்படித்தான் போனது. நாலாம் நாள் வெறும் வள்ளத்தைக் கண்டெடுத்தார்கள். எஞ்சினின் மூடி கழற்றியிருந்தது. பிளக்குகள் இரண்டும் துடைத்து, பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. எவ்வளவு நேரம் துடைத்துக்கொண்டு இருந்திருப்பான் என்பதைத்தான் அவளால் நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

இவனும் கரையோடு நிற்கிறவன் இல்லை. மீன் தூரத்தில் என்றால் தூரத்துக்குப் போவான்.

பாலத்துப் பக்கம் சைக்கிள் தெரிந்தது. கனகசூரியம் ஒரு கையால் சின்னப் பெட்டியொன்றைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தான்.

“நிப்பாட்டுங்க, காக்கா. கெதியா.”

உசனார் நிறுத்தினார். ஆற்றில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வாழைக்காய் வாசம் இன்னும் போகவில்லை.

“எண்ணெய் ஊத்தினத நானே அவருட்ட சொல்றன். ஏச்ச நான் வாங்குறன்,” என்றாள். “நீங்க இது முடிஞ்சுபோச்செண்டு மட்டும் சொல்லுங்க. அந்தக் கடிதத்த எழுதித் தாங்க, காக்கா.”