பட்டாணி என்றால் இடது பக்கம்

காஸ்பருக்கு நாற்பத்தேழு வயதில் கிடைத்த பெரிய மரியாதை, இந்திய ஹாக்கி அணிக்கு பெனால்டி கார்னர் சொல்லிக்கொடுக்கும் வேலை. அதுவும் இந்தப் போட்டி முடிகிறவரைக்கும்தான். பன்னிரண்டு நாடுகள் எழும்பூர் மைதானத்தில் வந்து ஆடுகின்றன, உள்ளூர்க்காரன் ஒருத்தனும் இருக்கட்டுமே என்று சேர்த்துக்கொண்டார்கள். கார்னரில் கோல் விழுந்தால் வேலை நிலைக்கும். விழாவிட்டால் பழையபடி நந்தனத்தில் காலேஜ் பையன்களோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். மேனேஜர் ஸ்ரீனிவாசராகவன் இதைச் சுற்றி வளைக்காமல் முதல் நாளே சொல்லிவிட்டார்.

கார்னரில் ஒருத்தர் எல்லைக்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவார், இன்னொருத்தர் வட்டத்தின் விளிம்பில் நிறுத்துவார், மூன்றாமவர் அடிப்பார். எப்படி அடிக்கப்போகிறோம் என்பதை ஒற்றை வார்த்தையில் கத்திச் சொல்ல வேண்டும், எதிராளிக்கு மட்டும் புரியக் கூடாது. அதற்குக் காஸ்பர் வைத்திருந்த வார்த்தைகள் தேங்கா, மாங்கா, பட்டாணி, சுண்டல். தேங்கா என்றால் நேராகக் கோலுக்கு. பட்டாணி என்றால் அடிப்பதுபோல் போக்குக் காட்டிவிட்டு இடது பக்கம் நிற்பவனுக்குத் தட்டிவிடுவது. பஞ்சாபிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஆறடிப் பையன்கள் மெரினாவில் தூக்கோடு சுண்டல் விற்கிறவர்கள் மாதிரி கத்துவதைக் கேட்டால் அவனுக்குச் சிரிப்பு தாங்காது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, மூன்று ஆட்டத்தில் ஐந்து கோல் விழுந்திருந்தது.

அந்த வார்த்தைகளில் பாதி ரொனால்டுக்குச் சொந்தம். சாந்தோமில் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு ஆடிய காலத்தில் சேர்ந்து உண்டாக்கியவை. பிற்பாடு ரொனால்டின் தங்கை நோராவைக் காஸ்பர் கட்டிக்கொண்டதில் சிநேகிதன் மச்சானும் ஆகிவிட்டான். கனடாவுக்குப் போய்ப் பதினெட்டு வருஷம் ஆனவன், போன ஞாயிற்றுக்கிழமை திடுதிப்பென்று வாசலில் வந்து நின்றான். சர்ச்சில் அம்மாவின் வருஷ நினைவுப் பூசைக்கு வந்தேன் என்றான்.

அன்றைக்கே பூசை முடிந்து வீட்டில் வஞ்சிரக் குழம்பு. நோரா பரிமாற, மகள் ஜெசிகாவோடு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ரொனால்ட் முள்ளை ஒதுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"இன்னா மச்சான், டீவில பாத்தேன். ஒரு சர்தார் பையன் தேங்கான்னு கத்திக்கினு கீறான். அதெல்லாம் இன்னும் அப்படியேவா?"

காஸ்பருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாளாக இதைப் பெருமையடித்துக்கொள்ள ஒரு ஆள் அவனுக்குக் கிடைக்கவில்லை.

"அதே சரக்குதான் மச்சான். ஒண்ணே ஒண்ணு மாத்திட்டேன். அப்போ பட்டாணின்னா ரைட்டு, இப்போ லெப்ட்டு." தட்டில் வெங்காயத் துண்டுகளை ஆட்களாக நிறுத்தி, நாலையும் ஆடியே காட்டினான். ரொனால்ட் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கவனித்தான். நோரா இருவருக்கும் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

புதன்கிழமை மத்தியானம் கால் இறுதி, எதிரணி கனடா. கடைசிக் கால்மணி நேரம் வரைக்கும் ஒன்றுக்கு ஒன்று. மூன்று கார்னர் வீணாகிப்போனதைக் காஸ்பர் கெட்ட நேரம் என்றுதான் நினைத்தான். நாலாவது கார்னரில் பையன் "பட்டாணி!" என்று கத்தினான்.

கோலுக்குள் நின்ற கனடாக்காரன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "பட்டாணி! லெப்ட்! லெப்ட்!" என்று திருப்பிக் கத்தினான்.

பந்து தள்ளப்பட்ட அந்த நொடியே இரண்டு பேர் இடது பக்கம் பாய்ந்தார்கள். பந்தைப் பறித்துக்கொண்டுபோய் மறுமுனையில் கோலும் போட்டார்கள். அந்த வார்த்தைக்கு இடது பக்கம் என்று எந்த அகராதியும் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காஸ்பரேதான் சொன்னான்.

நாலு நிமிஷம் இருக்கும்போது இன்னொரு கார்னர் கிடைத்தது. "மாத்துங்கடா! வார்த்தைய மாத்துங்கடா!" என்று கோட்டருகே ஓடிக் கத்தினான். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. பையன்களுக்குத் தெரிந்த தமிழோ மொத்தம் நாலு வார்த்தை. தேங்கா என்றார்கள், அதுவும் தடுக்கப்பட்டது. ஆட்டம் போய்விட்டது.

உடை மாற்றும் அறைக்குப் போகிற வழியில் ரொனால்ட் நின்றான். சிவப்புச் சட்டை, மார்பில் கனடா சின்னம், கக்கத்தில் லேப்டாப்.

"நீ பூசைக்கு வந்தேன்னு சொன்னியேடா!"

"பூசைக்கும்தான் வந்தேன். போன மாசம்தான் மச்சான் இந்த வேலைல சேந்தேன், எதிர் டீம் ஆட்டத்த வீடியோல பாத்து சொல்ற வேலை. மனசுல வச்சிக்காத." பிறகு நிஜமாகவே ஆச்சரியப்பட்டவன் போலக் கேட்டான். "நோரா உன்கிட்ட சொல்லல?"

காஸ்பர் பதில் சொல்வதற்குள் பின்னால் ஸ்ரீனிவாசராகவன் வந்து நின்றார். "உங்க மச்சானாமே? வேணும்னே சொன்னேளான்னு நான் கேக்கப் போறதில்லை. இனிமே கேம்ப்புக்கு வர வேண்டாம்."

நோராவுக்குத் தெரியும் என்றது ஒருவேளை ஆளை மடக்குவதற்காக ரொனால்ட் சொன்ன பொய்யாக இருக்கலாம் என்று வழி முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு காஸ்பர் வீட்டுக்கு வந்தான். நோரா பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தாள். அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"வர்றதுக்கு முந்தியே போன்ல சொன்னான். உங்ககிட்ட சொல்ல வேணாம்னான்."

"நான் வெங்காயத்த வச்சி ஆடிக் காட்டுறேன், நீ குழம்பு ஊத்துற! ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"செப்டம்பர்ல ஜெசிகா அங்க படிக்கப் போறா. அவன் வீட்டுலதான் தங்கணும். இப்பப் போய் அவன்கிட்ட நான் முகத்த முறிச்சுக்கறதா? ஒரு மேட்ச்தானேன்னு நெனச்சேங்க."

ஒரு மேட்ச். கத்த வேண்டும் போலிருந்தது, ஆனால் உள்ளே குழந்தை இருக்கிறாளே என்று குரலைத் தாழ்த்தினான்.

"மெல்லப் பேசு. ஜெசிகா காதுல விழப்போகுது."

நோரா தலையைக் குனிந்துகொண்டாள். அறைக் கதவு திறந்தது, ஜெசிகா வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"டாடி, நீங்க கோச்சுக்க மாட்டீங்கன்னுதான் மாமா சொன்னாரு."

காஸ்பர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். அன்றைக்கு அந்த மேசையில் மூன்று பேர் விஷயம் தெரிந்து வாய் திறக்காமல் சாப்பிட்டிருக்கிறார்கள். அவன் ஒருத்தன்தான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான்.