ஓடின வண்டி

அடிபட்ட காரைப் புதுசாக்குவதுதான் அப்பாதுரையின் பிழைப்பு. ஒக்கலிபுரத்தில் ரயில் பாலத்தை ஒட்டின பெயிண்டிங் ஷெட்டில் நசுங்கின கதவைக் கொடுத்தால், முகம் பார்க்கிற கண்ணாடியாக்கித் தருவான். அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் ஒன்றைப் பழசாக்கச் சொல்லிவிட்டுப் போனான் பெற்ற பிள்ளை.

பிரகாஷ் பட்டாளத்தில் டாங்கி ஓட்டினான். கடைசி லீவில் வந்தபோது ஒரு சாண் நீள பிளாஸ்டிக் டாங்கியைத் துண்டு துண்டாக வாங்கிவந்து ஒட்டி முடித்தான். பெயிண்ட் அடிக்க நாள் இல்லை.

"நீயே அடிச்சு வை நைனா. உன் கஸ்டமர் காரு மாதிரி பளபளன்னு அடிச்சுத் தொலைச்சிடாத. ஓடின வண்டி மாதிரி இருக்கணும், ஆமா."

அடுத்த லீவுக்கு அவன் வரவில்லை. தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குச் செய்திதான் வந்தது. ராஜஸ்தானில் பயிற்சியின்போது டாங்கி பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டதாம். ஆணி அடித்த பெட்டியில் கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்டாட்டி பாஞ்சாலி பெட்டியைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள். பெற்றவள் முகம் பார்க்காமலே பிள்ளையை அனுப்பினாள். இந்தக் கொடுமை பகையாளிக்கும் வேண்டாம்.

பிற்பாடு ஒரு டிரங்குப் பெட்டியில் அவன் துணிமணி வந்தது. அடியில் பூட்ஸ். அதைப் பார்த்தால் இவள் தாங்கமாட்டாள் என்று அப்பாதுரை அவளுக்குத் தெரியாமல் ஷெட்டுக்குக் கொண்டுபோனான். கவிழ்த்துத் தட்டினான். ஒரு பிடிகூட இருக்காது, மாவு மாதிரி வெளிறின மணல் கொட்டியது. பிள்ளை கடைசியாக மிதித்த மண். அதைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டு, அன்றைக்குத்தான் டாங்கியில் கை வைத்தான்.

மணல் நிறம் அடித்து, அதன்மேல் பச்சைத் திட்டுகளை வளைத்து வளைத்து விட்டான். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? அவனை அறியாமலே கை பாலிஷ் துணியைத் தேடிப் போயிற்று. நேற்றுத் தாலி கட்டின மாப்பிள்ளை மாதிரி பளபளத்து நின்றது டாங்கி. தன்னையே திட்டிக்கொண்டு உப்புத்தாளால் அந்த மினுக்கைத் தேய்த்து எடுத்தான். பெயிண்ட் உரிந்த மாதிரி தெரிய விளிம்புகளில் ஸ்பாஞ்சால் வெள்ளியை ஒற்றினான். இடுக்குகளில் கரியைக் கரைத்து ஓடவிட்டுத் துடைத்தான். புகைக்குழாயில் துருப்பொடி தடவினான். கடைசியில், நீர்த்த கோந்தில் அந்த மணல் முழுவதையும் குழைத்துச் சங்கிலிப் பட்டையிலும் அடிப்பாகத்திலும் அப்பினான். காய்ந்ததும் பார்த்தான். ஐயோ, அசல் ஓடின வண்டி! பாலைவனத்திலிருந்து நேரே வீட்டு வாசலுக்கு வந்து நின்ற மாதிரி இருந்தது. ஷெட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

வீட்டில் பிள்ளையின் படத்துக்குக் கீழே அதை வைத்தான். மண் எங்கிருந்து வந்தது என்று மட்டும் பாஞ்சாலியிடம் சொல்லவில்லை. வருஷத் திதி முடியட்டும், அவள் கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளிப்போட்டான்.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. திதி முடிந்து வந்த முதல் பண்டிகை ஆயுத பூஜை. அன்று காலையில் பாஞ்சாலி தானாகவே எழுந்து தலைக்குக் குளித்து வாசலில் கோலம் போட்டதைப் பார்த்ததும் அவனுக்குப் போன உயிர் வந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம். பூஜை முடிந்ததும் டாங்கியை அவள் கையில் கொடுத்து, 'நம்ம புள்ள மிதிச்ச மண்ணு பாஞ்சாலி, தொட்டுப் பாரு' என்று சொல்லிவிடலாம். அந்த நினைப்போடு பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் வாங்கப் போனான்.

திரும்பி வந்தபோது தெரு முழுக்க வண்டி கழுவின தண்ணீர். வீட்டுக் குழாயடியில் ஸ்கூட்டர் குளித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய ஸ்ப்ரே கன் துலக்கி வைத்திருந்தது. பக்கத்தில் பாஞ்சாலி, மடியில் டாங்கி, கையில் பழைய பல் பிரஷ்.

"இந்தாய்யா, வந்து பாரு! ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் குளிச்சு பொட்டு வச்சிக்கினு நிக்குது, நம்ம புள்ள வண்டி மட்டும் அழுக்கா நிக்கணுமா? எம்மாம் மண்ணு! சுடுதண்ணி ஊத்தி, சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சேன். ஷோரூம்லருந்து வந்த மாதிரி இல்ல?"

ஒரு வருஷமாகச் சிரிக்காதவள் சிரித்தாள்.

அப்பாதுரை சாக்கடையைப் பார்த்தான். அடுத்த வீட்டு ஆட்டோ கழுவின தண்ணீர் அதில் கரை கொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது. அட கடவுளே, பிள்ளை இரண்டாம் தடவையும் போய்விட்டானே! யாரைத் திட்டுவது? வாயைத் திறந்தால் இவளும் போய்ச்சேருவாள்.

"இன்னாய்யா, சும்மனே நிக்கிற?"

"நல்லாக்கீது," என்றான்.

"கொஞ்சம் தண்ணி ஊத்து. கையெல்லாம் நறநறங்குது. இது நம்ம ஊரு மண்ணே இல்லய்யா, நகத்துல பூந்துக்கினு போகவே மாட்டேங்குது."

இரண்டு கைகளையும் நீட்டினாள். நகக்கண்களில் வெளிறின மணல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பிள்ளையில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அந்தக் கைகளை அப்படியே பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

சொம்பில் மொண்டு ஊற்றினான்.

"இன்னும் கீது பாரு," என்றாள் பாஞ்சாலி. "நல்லா ஊத்துய்யா."

ஊற்றினான்.