மினிஸ்டர் ஐயா ஏற்றுமதியாகிறார்

புகை மணி அலறிக்கொண்டிருந்தது. கறுப்புச் சூட்டும் கழுத்துப்பட்டியுமாகக் கதிரையில் ஏறி நின்று, குளியல் துவாயால் பாஸ்கரன் அதை விசிறினான். மணி இன்னும் பலமாக அலறியது. அடுப்பில், மாமனாரின் ஆத்ம சாந்திக்காக அவிய வைத்த கோதுமை, சட்டியோடு சட்டியாகக் கரியாகிவிட்டது.

சேர்பியர்களிடம் ஒரு வழக்கம். செத்தவருக்காகக் கோதுமையை அவித்து, அரைத்த வால்நட்டும் சீனியும் சேர்த்துப் பிசைந்து தேவாலயத்துக்குக் கொண்டுபோவார்கள். பாதிரியார் ஆசீர்வதித்த பிறகு ஆளுக்கொரு கரண்டி. யெலேனா முதல்நாளே ஊறப்போட்டு, விடிய எழும்பி அவியவிட்டு, குளிக்கப் போகும்போது புருசனிடம் ஒரேயொரு வேலையை ஒப்படைத்தாள்.

"பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

அவன் பார்த்துக்கொண்டுதான் நின்றான், போன் அடிக்கும் வரைக்கும்.

அழைத்தது இல்ஃபோர்டில் விமான ரிக்கெற் போட்டுக் கொடுக்கும் ரதீசன்.

"அண்ணை, இந்த நேரத்திலை கேக்கக்கூடாதுதான். அக்கா பெல்கிரேடுக்கு வன்வே போட்டிருக்கிறா. உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம் ஓம். நான்தான் அப்பிடிப் போடச் சொன்னனான்."

"இல்லை, ரிட்டேர்ன் இதைவிட மலிவு. அதுதான் கேட்டனான்."

பாஸ்கரன் போனை வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போனான். அங்கே கவுன்சில் கொடுத்த குப்பைத் தொட்டிகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வருவதென்றால் மலிவு. அதிக காசு கொடுத்து, திரும்பி வராமல் இருக்க ஒருத்தி ரிக்கெற் போட்டிருக்கிறாள். மணி அலறத் தொடங்கியது அப்போதுதான்.

யெலேனா ஈரத்தலையோடு இறங்கி வந்தாள். கதிரையைப் பார்த்தாள். துவாயைப் பார்த்தாள். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தான். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கடையிலை கோதுமை இருக்கோ?"

"இருக்கு."

"எடுத்துக்கொண்டு வாங்கோ."

அவளுடைய தமிழ் அவனுடைய அம்மாவிடம் படித்தது. அம்மா கண்ணை மூடும் வரைக்கும் இந்த வீட்டில்தான் இருந்தாள். மாமியும் மருமகளும் பதினைந்து வருடம் இதே குசினியில் நின்று ஊர்ப்புதினம் பேசியதில், யெலேனா வாயைத் திறந்தால் பாதி யாழ்ப்பாணம் வெளியே வரும். இந்தக் கிழமைதான் அந்த வாய் திறக்கவேயில்லை.

பதினொரு மணிக்கு மேற்கு லண்டனில் இருக்கும் சேர்பியத் தேவாலயத்தில் பூசை. அதன்பின் சவப்பெட்டி ஹீத்றோவுக்குப் போகும். பின்னேர விமானத்தில் அப்பாவும் மகளும் பெல்கிரேடுக்குப் போவார்கள். மகள் மேலே, அப்பா கீழே. நாளைக்கு அங்கே, யெலேனாவின் அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம். மருமகன் போகவில்லை. அவனுடைய கடவுச்சீட்டு புதுப்பிக்கப் போயிருந்தது. போன மாதமே அனுப்பியிருந்தால் கைக்கு வந்திருக்கும். போன மாதம் அவன் அனுப்புவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய பலசரக்குக் கடை குட்மேய்ஸில். அன்றைக்குப் பாதிக் கதவு திறந்திருந்தது. வேலைக்கு நிற்கும் நிருஜன் மரவள்ளிக்கிழங்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, மினிஸ்டர் ஐயாவின்ரை கதிரையை உள்ளுக்கை எடுத்து வைக்கிறதோ?"

காசு மேசைக்குப் பக்கத்தில் கிடந்த அந்தப் பிளாஸ்ரிக் கதிரையைப் பாஸ்கரன் பார்த்தான்.

"பாப்பம்," என்றான். சொன்ன பிறகுதான், அது யாருடைய சொல் என்று உறைத்தது.

வெலிமிர், அதாவது மாமா, பெல்கிரேட் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பித்தவர். தொண்ணூறுகளில் நாடு பொருளாதாரத் தடையில் கிடந்தபோது காலையில் பணவீக்கத்தைப் பற்றி விரிவுரை, அது முடிந்த கையோடு சம்பளக் காசைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓட்டம். விரிவுரை நீண்டால் அந்தக் காசுக்கு முட்டை கிடைக்காது. அதனால் சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசுகிறவர் என்று பெயரெடுத்தார். ஆட்சி மாறியதும் அந்தத் தெளிவுக்காகவே கூப்பிட்டு வர்த்தக அமைச்சர் ஆக்கினார்கள். ஆக்கிய கையோடு அவர்கள் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், தெளிவாகப் பேசக்கூடாது.

சொன்னதைக் கேட்டு நடந்தார். கண்காட்சிகளில் ரிபன் வெட்டினார். ஒப்பந்தங்களில் கையெழுத்து வைத்தார். எதைக் கேட்டாலும் "ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்" என்றார். பிறகு ஒருநாள் தொலைக்காட்சியில் ஒரு பெண், "ரொட்டி விலை ஏறுமா?" என்று கேட்டாள். அன்றைக்குக் களைப்போ, பழைய விரிவுரையாளர் எழும்பி வந்தாரோ, "ஏறும்," என்றார்.

அந்த வாரம் முடிவதற்குள் அவர் முன்னாள் அமைச்சர். ரொட்டி விலையும் ஏறியது.

அப்போது யெலேனா படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுத் தொலைபேசி அடிப்பது நின்றதையும், பக்கத்து வீட்டார் படியில் கண்டால் முகத்தைத் திருப்பியதையும், அம்மா அப்பாவோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததையும் அவள் பாஸ்கரனுக்கு ஒரேயொரு தடவை சொல்லியிருக்கிறாள். அதற்கடுத்த வருடம் லண்டனுக்கு வந்துவிட்டாள். ஒரு நேர்ப்பதில் ஒரு வீட்டை என்ன பாடு படுத்தும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மனைவி காலமானபின் கிழவரும் மகளிடம் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு எதற்கும் ஓம், இல்லை என்று அவர் வாயில் வந்ததில்லை. தேத்தண்ணி வேணுமா என்று கேட்டால் அந்தக் கேள்வியின் பின்னணியை விளக்குவார். தமிழில் முதல் பாடமாக்கிய சொல் 'பாப்பம்.' இவ்வளவு வசதியான ஒரு சொல் சேர்பிய மொழியில் இருந்திருந்தால் தன் பதவி தப்பியிருக்கும் என்பார்.

விலையில் மட்டும் அவருக்கு ஒளிப்பு மறைப்புக் கிடையாது. காசு மேசைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, முருங்கைக்காய் எடுத்த சனத்திடம் ஆங்கிலத்தில், "இன்றைக்கு வாங்காதீர்கள், வெள்ளிக்கிழமை குறையும்," என்பார். சனம் முருங்கைக்காயை வைத்துவிட்டுப் போகும். பாஸ்கரன் தலையில் கை வைப்பான். வெள்ளிக்கிழமை அதே சனம் மினிஸ்டர் ஐயாவைத் தேடிக்கொண்டு வந்து, இரண்டு மடங்கு சாமான் வாங்கிக்கொண்டு போகும்.

ஒருநாள் பேச்சுவாக்கில், தடைக்காலத்தில் பெல்கிரேட் றோட்டோரங்களில் பெற்றோலைச் சோடாப் போத்தலில் வைத்து விற்றதைச் சொன்னார். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான் என்றான் பாஸ்கரன். கிழவர் எழும்பி நின்று, ஒரு நாட்டு அமைச்சர் இன்னொரு நாட்டு அமைச்சருக்குக் கொடுப்பதுபோல அவனுக்குக் கை கொடுத்தார். அதன்பின் இருவரும் சிரித்த சிரிப்புக்கு நிருஜன் கடைக்குள்ளிருந்து ஓடி வந்தான்.

பாஸ்கரன் கோதுமைப் பையோடு வீட்டுக்கு வந்தபோது அவனுடைய அண்ணை ஞானேஸ்வரன் வந்திருந்தார். சுவிஸில் இருபது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு மாறியவர். எந்தச் செத்த வீட்டுக்கும் அவர்தான் மேற்பார்வை. செத்தவர் சேர்பியர் என்பது அவருக்கு ஒரு தடையாகத் தெரியவில்லை.

ஊறவைக்க நேரமில்லை. பாஸ்கரன் கோதுமையைக் குக்கரில் கொட்டி மூடினான். விசில்களை எண்ணவேண்டும் என்று நினைத்தான். வன்வே, வன்வே என்று மனதுக்குள் ஒரே சொல் சுற்றிக்கொண்டிருந்ததில் எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது.

முன்னறையில் பக்கத்து வீட்டு மேரிசாந்தி அக்கா எழும்பும் சத்தம் கேட்டது.

"சரி பிள்ளை யெலேனா, போயிட்டு வாறன்."

"என்ன கதை கதைக்கிறியள்," என்றார் அண்ணை. "செத்த வீட்டிலை நிண்டு போயிட்டு வாறன் எண்டு சொல்லுறதோ? சொல்லாமல் போறதெல்லோ முறை."

"ஐயோ, வாய் தவறிச் சொல்லிப்போட்டன் அண்ணை."

"இனி என்ன செய்யிறது. சொன்னது சொன்னதுதான்."

குக்கர் விசிலடித்தது. பாஸ்கரனுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. மூடியைத் திறந்ததும் அது போய்விட்டது. கோதுமை மணி மணியாக இருக்கவேண்டும். உள்ளே கிடந்தது குழைந்துபோன புக்கை. பொங்கலுக்குப் படைக்கக்கூடிய நல்ல புக்கை.

நேரம் போய்விட்டது. வால்நட்டையும் சீனியையும் அள்ளிப் போட்டுக் கிளறி, ஒரு பிளாஸ்ரிக் டப்பாவில் அடைத்தார்கள். யெலேனா கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். பயணப்பெட்டியைத் தானே தூக்கினாள். வாசலைத் தாண்டினாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பாஸ்கரன் கதவைப் பூட்ட மறந்து நின்றான். குப்பை போடப் போனாலும் 'போயிட்டு வாறன்' என்று சொல்லிவிட்டுப் போகிறவள். அம்மா பழக்கிய பழக்கம். பால் வாங்கப் போகும்போது, வேலைக்குப் போகும்போது, சண்டை பிடித்துக்கொண்டு கோபத்தில் வெளியே போகும்போதுகூட, கதவை அறைவதற்கு முன் அந்த இரண்டு சொற்களும் வரும். இன்றைக்கு வரவில்லை.

தேவாலயத்தில் மெழுகுதிரி வாசமும் அடித்தொண்டைப் பாட்டும். பெட்டியின் தலைமாட்டில் சின்ன மேசை, அதன்மேல் டப்பா. தாடிக்காரப் பாதிரியார் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். சற்று யோசித்தார். பிறகு கடவுளுக்கு இதெல்லாம் பெரிய விசயமல்ல என்ற முடிவுக்கு வந்தவர் போல ஆசீர்வதித்தார். ஒவ்வொருவராக ஒரு கரண்டி எடுத்தார்கள். கறுப்பு முக்காடு போட்ட ஒரு கிழவி இரண்டாவது கரண்டியும் எடுத்துக்கொண்டு யெலேனாவிடம் ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?" என்று பாஸ்கரன் குசுகுசுத்தான்.

"எப்பிடிச் செய்தது எண்டு கேக்கிறா."

"என்ன சொன்னனீர்?"

"என்ரை மனுசன் செய்தவர் எண்டனான்."

அவள் தன் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு கனநேரம் விழுங்காமல் நின்றாள். அந்தக் கிழமையில் முதல் தடவையாக அவளுடைய கண் நிரம்பியது. பாஸ்கரன் பகிடி ஒன்றைத் தேடினான். கிடைக்கவில்லை. பெட்டிக்குள் மாமா, பதவியேற்ற நாளில் போட்ட நீலச் சூட்டில், எந்தக் கேள்விக்கும் தயாரான முகத்தோடு படுத்திருந்தார்.

பெட்டி வண்டி முன்னே போக, அவர்கள் கடை வானில் பின்னே போனார்கள். வானுக்குள் கறிவேப்பிலை மணந்தது. ஹீத்றோவுக்குக் கிட்ட, சரக்குகள் போகும் பக்கத்துக்குப் பெட்டி வண்டி திரும்பியது. சைகை விளக்கு சிமிட்டிச் சிமிட்டிப் போவதை இருவரும் பார்த்தார்கள்.

"வர்த்தக அமைச்சரையே ஏற்றுமதி செய்யிறம்," என்றான் பாஸ்கரன். "சுங்கப் பத்திரத்தைச் சரிபிழை பாக்காமல் ஏற மாட்டார்."

அவள் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. துணிவு வந்து, அடுத்ததைக் கேட்டான்.

"எப்ப திரும்புறீர்?"

"பாப்பம்."

"அப்பாவின்ரை வீட்டை என்ன செய்யப் போறீர்?"

"பாப்பம்."

வைப்பர் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மழை எப்போதோ விட்டிருந்தது. அவன் அதை நிறுத்தினான். மறுபடி போட்டான். மறுபடி நிறுத்தினான்.

புறப்பாட்டு மண்டபத்தில் பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் வரிசையின் வாய் வரைக்கும் அவளுடைய பயணப்பெட்டியை அவன் உருட்டிக்கொண்டு வந்தான். அங்கே ஒரு நாடா கட்டியிருந்தது. அதற்கு அப்பால் ரிக்கெற் இல்லாதவன் போகமுடியாது. யெலேனா பெட்டியின் கைப்பிடியை வாங்கினாள்.

"வெளிக்கிடேக்கை ஒண்டும் சொல்லாமல் வெளிக்கிட்டீர்," என்றான்.

"செத்த வீட்டிலை சொல்லக்கூடாதெல்லோ. அண்ணை மேரிசாந்தி அக்காவைப் பேசினது உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

அவனுக்குக் கேட்டிருந்தது. கேட்டுச் சிரித்துமிருந்தான்.

"ரதீசன் போன் பண்ணினவன். அதிலைதான் கோதுமை எரிஞ்சது."

"ஓ." அவள் நிலத்தைப் பார்த்தாள். "அவனுக்கு வாய் நிக்காது."

"யெலேனா. சுத்தி வளைக்காமல் ஒண்டு கேக்கிறன். நீரும் உம்மடை அப்பா மாதிரிப் 'பாப்பம்' எண்டு வளைக்காமல் நேரா சொல்லும். திரும்பி வருவீரோ?"

பின்னால் ஒரு குடும்பம் தள்ளுவண்டியோடு வந்து நின்றது. அவள் ஒதுங்கி அவர்களுக்கு வழி விட்டாள். பிறகு கைப்பையைத் திறந்து, தேவாலயத்தில் வெறுமையான பிளாஸ்ரிக் டப்பாவை எடுத்து அவன் கையில் வைத்தாள். மூடியின் ஓரத்தில் புக்கை காய்ந்துபோய் ஒட்டியிருந்தது.

"ரிக்கெற் போடேக்கை எனக்குத் தெரியாது," என்றாள். "அங்கையே இருந்திடலாம் எண்டும் நினைச்சனான். இப்ப தெரியும். வருவன். அப்பாவின்ரை நாற்பதாம் நாள் பூசைக்கும் இஞ்சை கோதுமை அவிக்கவேணும். உங்களை நம்பி விடேலாது."