ஒரே தாளில் இரண்டு வீடு

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த பெண் வீட்டு அப்பா போனில் கத்தவில்லை. அச்சுக்கடை நடத்தும் அவளை அதுதான் பயமுறுத்தியது.

"ஏம்மா, மாப்பிள்ளையோட பெரியப்பாவுக்கு முதல் பத்திரிகை குடுத்தோம். உறைக்குள்ள யாரோ செத்துப்போனவரோட நினைவு அட்டையும் இருந்திருக்கு. வேணும்னே அவமானப்படுத்திட்டோம்னு சம்பந்தமே வேண்டாங்கறாங்க."

நடந்தது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இணையத்தில் வரும் ஆர்டர்களைத் தனித்தனியாக அடித்தால் கட்டுப்படியாகாது. ஒரே தடிமன் அட்டை கேட்பவர்களை எல்லாம் ஒரு பெரிய தாளில் அடுத்தடுத்துச் சேர்த்து அச்சடித்து, பிறகு வெட்டிப் பிரிப்பார்கள். அவள் கடை மலிவாக இருப்பதன் சூட்சுமமே அதுதான். பிரிக்கும்போது ஓர் அட்டை இடம் மாறிவிட்டது.

தோளில் மாதிரிப் பையோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி விசிட்டிங் கார்டு ஆர்டர் பிடித்தவள் அவள். அடுத்தவர் மெஷினில் கெஞ்சிக் கூத்தாடி அடித்து வாங்குவாள். வெப்சைட் தொடங்கிய பிறகுதான் சொந்த மெஷின், ஆட்கள், அச்சுக்கூடம் எல்லாம். யார் வீட்டுப் படியும் ஏற வேண்டியிருக்கவில்லை. வெப்சைட்டில் முகவரிகூடப் போடவில்லை.

வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, "பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டு ஒரு தள்ளுபடிக் கூப்பன் அனுப்பிடலாங்க்கா. நம்ம மூஞ்சி யாருக்குத் தெரியும்?" என்றான்.

"கூப்பனைக் காட்டியாடா கல்யாணத்தை நடத்துவாங்க?"

அந்தப் பத்திரிகை அடித்ததில் வெட்டாமல் மிஞ்சிய தாள் ஒன்றை, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக அவள் சுருட்டினாள். தம்பியின் முகம் வெளுத்தது.

"அதைக் காட்டாதேக்கா! பத்திரிகையை எழவு அட்டையோட சேர்த்து அடிக்கிறோம்னு தெரிஞ்சா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"மூடினா மூடிட்டுப் போகுது. நாம செஞ்ச தப்புக்கு இன்னொரு வீடு தலைகுனியறதா?"

மாப்பிள்ளை வீட்டில் பெரியப்பா அவளை உட்காரச் சொல்லவில்லை. தப்புச் செய்தவள் நாற்காலியை எதிர்பார்ப்பதும் முறையில்லை. நின்றபடியே மேசைமேல் தாளை விரித்தாள். பத்திரிகையை ஒட்டியே அந்த நினைவு அட்டை. நடுவே ஒரு வெட்டுக்கோடு மட்டும்.

"தப்பு எங்க மேலதாங்க. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எல்லாருக்கும் இப்படித்தான் அடிப்பீங்களா?"

"ஆமாங்க."

"இதைச் சொன்னா உங்க யாவாரம் என்னாகும்?"

"தெரியலைங்க. சொல்லலேன்னா அந்தப் பொண்ணு என்னாவா?"

பெரியப்பா அந்த வெட்டுக்கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு உறைக்குள் வந்த அந்த நினைவு அட்டையை அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"யாரு இவர்?"

அவள் அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு படத்துக்கு நின்ற முகம்.

"தெரியாதுங்க." சொல்லவே கூசியது.

"எனக்கும் தெரியாது. கோபத்துல கிழிக்கப் போனேன், மனசு வரல. அவங்க வீட்டுல ஒண்ணு குறையுமே, கொண்டுபோய்க் குடுத்துடுங்க." அவள் வாசலுக்கு வந்தபின் குரல் வந்தது. "கல்யாணம் நடக்கும். பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட நானே பேசிக்கறேன்."

அட்டைக்கு உரிய வீட்டில் மகன் கதவைத் திறந்தான். எதையும் மறைக்காமல் சொல்லி, இரண்டு கையாலும் அட்டையைக் கொடுத்தாள். வசவுக்குத் தயாராகவே நின்றாள்.

அவன் படத்தைப் பார்த்து, "கூப்பிடாத கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தீங்களாப்பா?" என்றான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க கடை எங்க இருக்கு?" என்று கேட்டான்.

வெப்சைட் தொடங்கிய நாளிலிருந்து யாரும் அதைக் கேட்டதில்லை. தெருவையும் கதவு எண்ணையும் அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.