மன்னர் நலம்

உலகத்தில் முட்டாள்களுக்குப் பஞ்சமில்லை என்பது மன்னருக்குத் தெரியும். ஆனால் அவர்களில் பொறுக்கியெடுத்த சிலர் மட்டும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் எதிரிலேயே வந்து உட்காருவது ஏன் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

இடம், பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறை. இரும்புச் சட்டத்தில் வரிசையாகக் கோத்த நாற்காலிகள். சுவரில் குறுக்கே வெட்டிக் காட்டிய கடைவாய்ப்பல்லின் படம். விடுமுறை நாளிலும் போகாத கிராம்புத் தைல வாடை. இந்த அறையில் உட்கார்ந்துதான் ‘ஏழு கணவாய்’ ரசிகர் மன்றம் தன் பழம்பெருமையைப் பேசும்.

ஏழு கணவாய் ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. பிளாப்பி காலத்தது. அதைத் தயாரித்த கம்பெனி, விளையாட்டு கடைக்கு வந்த கையோடு இழுத்து மூடப்பட்டது. கையேடுகூட அச்சாகவில்லை. ஊரில் அதை ஆடியவர்கள் எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றிவிடலாம், அப்போதும் டிரைவர் பக்கத்து சீட் காலியாக இருக்கும். ஆடுபவர்தான் அரசர். மலைநாட்டின் ஏழு கணவாய்களையும் எதிரி நுழையாமல் காக்க வேண்டும். படை வேண்டும், படைக்குத் தானியம் வேண்டும். நீங்கள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் பருவங்கள் தம்பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும். குளிர்காலம் வந்தால் எதிரியும் வருவான்.

ஏழாவது கணவாயை இதுவரை காத்தவர் ஒருவர்தான். அதனால்தான் அவருக்கு மன்னர் என்று பெயர் வந்தது. திரையில் வெற்றிக்கொடி பறப்பதைப் பழைய பிலிம் கேமராவில் படமெடுத்து, கண்ணாடி போட்டு, வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். மகளின் பட்டமளிப்புப் படம் அதற்குக் கீழேதான் இருந்தது.

“நான் ரெண்டாவது கணவாய்ல வில்லாளிகளை மட்டும் நிறுத்தி வச்சேன் பாருங்க, அந்த மாதிரி ஒரு குளிர்காலம் இனி வராது சார்,” என்றார் பல் டாக்டர். கண்கள் கலங்கியிருந்தன.

இரண்டாவது கணவாய்! எல்.கே.ஜி.யில் பாஸான கதையைப் பேரன் பேத்தி எடுக்கிற வயதிலும் சொல்லித் திரிகிறவன் மாதிரி. மன்னர் மூக்கால் ஒரு காற்று விட்டார். அந்தக் காற்றுக்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

எல்லோரும் என்றால், இன்னும் இருவர். ஒருவன் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். விளையாட்டின் ஒவ்வொரு மலையையும் ஆற்றையும் கையால் வரைந்து வைத்திருப்பதால் வரைபடம் என்று பெயர். இன்னொருவன் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன். எப்போதும் ஏதாவது ஒயரின் நுனியைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருப்பதால் எலி.

அன்று நடக்கவிருந்தது சாதாரணக் கூட்டம் அல்ல. இல்லாத கையேட்டை இவர்களே எழுதி முடித்திருந்தார்கள். வரைபடம் தன் அச்சகத்திலேயே அதைப் புத்தகமாகப் போடப்போகிறான். அதன் கடைசி அத்தியாயம்தான் தகராறு. அதன் தலைப்பு ‘மன்னர் விதி’.

மன்னர் விதி இதுதான்: களஞ்சியம் காலியாகிவிட்டால் பதறாதே. எதையும் தொடாதே. கம்ப்யூட்டரை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு உன் வேலையைப் பார். அரசன் கை வைக்காவிட்டால் குடிமக்கள் தாங்களே களஞ்சியத்தை நிரப்பிவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் மன்னர் காலையில் காலிக் களஞ்சியத்தோடு விட்டுப் போவார், சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பினால் களஞ்சியம் நிரம்பி வழியும். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, மாதக்கணக்கில். கடைசியில் ஏழாவது கணவாயும் அப்படித்தான் விழாமல் நின்றது. அன்றிலிருந்து இதுவே அவருடைய வாழ்க்கைத் தத்துவமாகவும் ஆகிவிட்டது. லிப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவர் புகார்ப் பிரிவின் தலைவர். வருகிற புகாரைத் தொடவே மாட்டார். விட்டுவைத்தால் பாதி தானாகச் சரியாகிவிடும் என்பார். அப்படியே சரியாகவும் ஆகும். கீழே இருக்கிற மெக்கானிக்குகள் எண்ணெய்க் கையோடு மாடி மாடியாக ஏறி இறங்குவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

சங்கடம் என்னவென்றால், அந்த விதி வேறு யாருக்கும் வேலை செய்யவில்லை. பல் டாக்டர் விட்டுப் பார்த்தார், நாடு அழிந்தது. வரைபடம் விட்டுப் பார்த்தான், அதுவும் அழிந்தது.

“உங்களுக்குப் பொறுமை கிடையாதுய்யா. நடுவுல மவுஸைத் தொட்டிருப்பீங்க,” என்று மன்னர் வருஷக்கணக்காக ஒரே பதிலைச் சொல்லிவந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி வேறு சொல்லிக் காட்டுவார்.

அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை சோதித்துவிடலாம் என்று வரைபடம் பணிவாகத்தான் கேட்டான். மன்னரும் அலட்சியமாக ஒப்புக்கொண்டார். அவர் வீட்டுப் பரணில் கிடந்த அதே பழைய கம்ப்யூட்டரை இறக்கி, இந்த அறைக்குக் கொண்டுவந்து, எலி ஒட்டுப்போட்டு உயிர் கொடுத்தான். முந்தின நாள் மாலை, ஏழாவது கணவாய், காலிக் களஞ்சியம், ஓடுகிற விளையாட்டு. பல் டாக்டர் கீபோர்டின் மேலும் மவுஸின் மேலும் பிளாஸ்திரி ஒட்டினார். அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். திரைமேல் ஒரு துணி போர்த்தியிருந்தது.

விதி பலித்தால் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் மன்னருடையது. பலிக்காவிட்டால் அத்தியாயமும் போகும், மன்னர் பட்டமும் போகும். கூடத்தில் தொங்குகிற படம் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடும். ஆனால் மன்னருக்குத் துளியும் பயமில்லை. மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தது ஒன்றுதான் எரிச்சல். வெற்றியைத் தெளிவாகப் பார்க்க வேண்டாமா? மனைவிக்குப் போன் போட்டார்.

“இந்தா, என் கண்ணாடி டிவி மேல இருக்கும். எடுத்துட்டு டாக்டர் கிளினிக்குக்கு வா. சீக்கிரம்.”

மனைவி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர். எந்த வார்டில் எந்த மருந்து எப்போது தீரும் என்பது அவள் விரல்நுனியில் இருக்கும். வாரத்தில் அவளுக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு நாள் அது. கண்ணாடி டிவி மேல் இல்லை, குளியலறையில் இருந்தது. தேடி எடுத்து, ஆட்டோ பிடித்து, வந்து கதவைத் தள்ளினாள்.

“வாங்க அண்ணி, உட்காருங்க. சரியான நேரத்துக்கு வந்தீங்க,” என்றான் வரைபடம்.

“உட்கார நேரமில்லப்பா. அடுப்புல குக்கர் வச்சிட்டு வந்திருக்கேன். மக பாத்துக்கறா,” என்று கண்ணாடியை நீட்டினாள். மன்னர் வாங்கி மாட்டிக்கொண்டார். நன்றி சொல்கிற பழக்கம் அரச வம்சத்தில் கிடையாது.

“திறய்யா,” என்றார் எலியிடம்.

எலி துணியை உருவினான்.

திரையில் நாடு இருந்தது, நாட்டில் யாரும் இல்லை. எல்லா வீட்டின் மேலும் கறுப்புச் சிலுவைக் குறி. வயல்கள் சாம்பல் நிறம். கணவாயில் படை நின்ற இடத்தில் சின்னச் சின்ன ஈட்டிகள் மட்டும் கிடந்தன. அசைந்தது ஒன்றே ஒன்றுதான். கோட்டை உச்சியில், குண்டாக ஒரு மன்னர் சிம்மாசனத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். கீழே ஒரு வரி மினுக்கியது: மன்னர் நலம்.

யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். பல் டாக்டராகத்தான் இருக்கும்.

“கரண்ட் போயிருக்கும்,” என்றார் மன்னர்.

“போகலண்ணே. போயிருந்தா ஆட்டமே அணைஞ்சிருக்கும்,” என்றான் எலி.

“அப்ப பிளாஸ்திரியை யாரோ எடுத்துட்டு ஒட்டியிருக்கீங்க. எனக்குத் தெரியாதா? வயித்தெரிச்சல் புடிச்சவனுங்க. ரெண்டாவது கணவாயைத் தாண்டாதவன், அச்சாபீஸ்ல மை தடவறவன், ஒயர் கடிக்கறவன், நீங்க சேர்ந்து என் விதியைச் சோதிக்கிறீங்களா?”

மனைவி வாசலுக்குப் போனவள், திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“அடப்பாவமே, இந்த விளையாட்டா? ஏங்க, ஒருத்தரைக்கூட வயலுக்கு அனுப்பலையா?”

“யாரை?” என்றான் வரைபடம்.

“இந்தப் படையாளுங்களைத்தான். சும்மா நின்னு தின்னுட்டே இருப்பானுங்களே. புடிச்சு இழுத்து வயல்ல விட்டா அறுப்பான். களஞ்சியம் ரொம்பிடும்.”

பல் டாக்டர் வாயைத் திறந்தபடி இருந்தார், அவருடைய நோயாளிகளைப் போல.

“அண்ணி,” என்றான் வரைபடம் மெதுவாக, “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எப்படின்னா? மக வயித்துல இருந்தப்ப டாக்டர் என்னைப் படியிறங்கக் கூடாதுன்னுட்டார். வீட்டுலயே கிடந்தேன். இவர் இதை ஓடவிட்டுட்டு ஆபீஸ் போயிடுவார். பொழுதுக்கும் ஒவ்வொரு வீடா சிலுவை விழுந்துட்டே இருக்கும். வயித்துப் புள்ளைய வச்சுக்கிட்டு அதைப் பார்க்க முடியுமா? தினமும் நான்தான் ஆளுங்களை வயலுக்கு அனுப்புவேன். இவர் வர்ற நேரத்துக்குத் திரும்ப வரிசையா நிறுத்தி வச்சிடுவேன். இல்லேன்னா படை கலைஞ்சிடுச்சுன்னு கத்துவார்.”

மன்னர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலிகள் ஒன்றோடொன்று கோத்தவை ஆதலால் வரிசை முழுவதும் ஆடியது.

“ஏழாவது கணவாய்?” என்று கேட்டார்.

“அதுவா? அந்தக் கேட்டுக்கு வெளியில எதிரி வந்து நின்னான். அவனும் பட்டினியிலதானே அவ்வளவு தூரம் வந்திருக்கான்? கொஞ்சம் மூட்டையை இழுத்து அவன் மேலயே போட்டேன். வாங்கிட்டுப் போயிட்டான். கொடியெல்லாம் பறந்துச்சு.”

எலி அதற்குள் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு, சேமித்து வைத்த பழைய ஆட்டம் ஒன்றைத் திறந்துவிட்டான். வரைபடம் ஒரு படைவீரனைப் பிடித்து வயலில் விட்டான். வீரன் ஈட்டியை நட்டுவிட்டு அரிவாளை எடுத்தான். ஒரு மூட்டையை இழுத்துப்போய் எதிரியின் மேல் விட்டான். எதிரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தான். கொடி பறந்தது.

இத்தனை வருஷம் வில்லாளி, குதிரை, அகழி என்று மண்டையை உடைத்துக்கொண்ட மேதாவிகள் ஒருவருக்கும் சண்டைக்காரனை வயலில் இறக்கிவிடத் தோன்றவில்லை. இப்போது மூவரும் மனைவியைச் சுற்றி நின்று கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள்.

“அண்ணி, அடுத்த மாசக் கூட்டத்துக்கு நீங்க வரணும். கடைசி அத்தியாயத்துக்கு அண்ணி விதின்னே பேர் வச்சிடறேன்,” என்றான் வரைபடம்.

“எதுக்கு? குழந்தைக்குத் தோணுறதைக் கண்டுபிடிச்சேன்னு புத்தகத்துல போடவா? வயசாகுதுப்பா உங்களுக்கெல்லாம். போய் வீட்டுல ஏதாவது உதவி பண்ணுங்க.” பிறகு கணவரைப் பார்த்தாள். “ஆமா, விட்டு வச்சா தானா நிரம்பும்னுதானா இவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டிருந்தீங்க, இத்தனை வருஷமா?”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மன்னர் சமாளித்திருப்பார்.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது அவமானத்தில் அவர் காது மடல் எரிந்தது.

“அத்தனை பேர் முன்னாடி சொல்லணுமா?”

“நீங்கதானே கண்ணாடி கொண்டாரச் சொன்னீங்க.”

“அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க வந்து திரையைப் பாத்துட்டு, ‘பாத்தியா என் மூளையை’ன்னு குதிச்சீங்க. பாவமா இருந்துச்சு. விட்டுட்டேன்.” அவள் கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். “இப்ப பாவமா இல்ல.”

அன்று மாலை மன்னர் வழக்கம்போல டீ குடித்துவிட்டு, கோப்பையை சோபாவின் கைப்பிடியில் வைத்தார். வழக்கம்போல எழுந்து போனார். மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது கோப்பை அங்கேயே இருந்தது. மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். குளியலறைக்குப் போனால், தினமும் கொக்கியில் தொங்குகிற உலர்ந்த துண்டு இல்லை. நேற்றைய ஈரத்துண்டு அவர் போட்ட இடத்திலேயே சுருண்டு கிடந்தது. பிரஷர் மாத்திரை டப்பாவைத் திறந்தார். அதில் எப்போதும் மாத்திரை இருக்கும், அவர் நினைவு தெரிந்து அது காலியாக இருந்ததே இல்லை. காலியாக இருந்தது.

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனாள். போகும்போது சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, தன் டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து, மகளின் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொடுத்துவிட்டுத்தான் போனாள். அவருடைய பொருள்கள் எதையும் தொடவில்லை.

மன்னர் சோபாவில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் கொடி பறக்கும் படம். பக்கத்தில் கோப்பை. அதன் அடியில் காய்ந்த டீயைச் சுற்றி எறும்புகள் வரத் தொடங்கியிருந்தன. காலை ஆட்டிக்கொண்டே அதைப் பார்த்தவர், தானாகச் சரியாகிவிடும் என்று இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.