இன்னொரு பிரதி

பதுளை பஸார் வீதியில் ஸ்டூடியோ வைத்திருந்த தங்கராஜாவுக்கு ஊரில் முக்கால்வாசி முகங்கள் பழக்கம். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அவர் படம் பிடிக்காத கல்யாணம் குறைவு. அப்படிப்பட்ட மனிதர் சொந்த மகளை ஒழுங்காக எடுத்து வைக்கவில்லை. வீட்டுப் பிள்ளைதானே, நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டுவிட்டார். ஏழு வயதில் லக்ஷிகா காய்ச்சலில் போனபோது, அவள் பேசுகிற வீடியோ என்று மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவில் விளையாட்டாகப் பிடித்தது. ஒரு நிமிடம்கூட ஓடாது.

அதை அவர் தினமும் பார்த்தார். மனைவி விசாலாட்சி ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. போடட்டுமா என்று கேட்டால், "இப்ப வேணாங்க, என்னால தாங்க முடியாது. பத்திரமா வச்சிருங்க. ஒரு நாளைக்கு நானே கேக்குறேன்" என்பாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவரும் நடமாடிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் ஸ்டூடியோ கம்ப்யூட்டர் உள்ளே கறகறவென்று சத்தம் போடத் தொடங்கியது. மகளின் வீடியோ அதற்குள் மட்டும்தான் இருந்தது. கேமரா கார்டில் வீடியோ இல்லை. கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் கார்டை அழித்துவிடுவதுதான் வழக்கம். அடுத்த கல்யாணத்துக்குக் கார்டு வேண்டுமே. சீடியில் எழுதினால் பதுளை ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கிறது. அதனால் மொஹிதீனின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்.

மொஹிதீன் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை எடுத்து வைத்தார். ஒன்று செங்கல் பருமன். மற்றது சட்டைப் பைக்குள் அடங்கும்.

"பெருசுல எடம் கூட. ஆனா தனியா பிளக் குத்தோணும், மேசையிலயே கெடக்கும். சின்னது கம்ப்யூட்டர்லயே கரண்ட் எடுக்கும். கையில கொண்டு போவலாம்."

"கெட்டுப் போகாதே?"

"எல்லாம் ஒரு நாளைக்குக் கெட்டுப் போறதுதான் மொதலாளி. அதுக்குத்தானே ரெண்டு வெக்கிறது. ஒரே எடத்துல மட்டும் வெச்சிடாதீங்க."

"கேரண்டி இருக்கா?"

"பெட்டிக்கு இரிக்கி. உள்ளுக்கு உள்ளதுக்கு இல்ல."

தங்கராஜா இரண்டையும் காதில் வைத்துப் பார்த்தார், ஏதோ கேட்டுவிடப் போகிறது என்பதுபோல. கடைசியில் சின்னதை வாங்கினார். வெள்ளிக்கிழமை தோறும் அதை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் பிரதி எடுத்து, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் விசாலாட்சியின் சேலைகளுக்கு நடுவில் வைத்துவிடுவார். உள்ளே லக்ஷிகா இருக்கிறாள் என்று அவளிடமும் சொல்லியிருந்தார். ஒரு வாரம் தவறியதில்லை. கம்ப்யூட்டர் கறகறத்தாலும் இப்போது நிம்மதியாகத் தூங்கினார்.

ஆயுத பூஜை வந்தது. கேமராக்கள், பிளாஷ் விளக்குகள், முக்காலி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தார். அப்போதுதான் மனசு உறுத்தியது. மகளையே சுமந்துகொண்டிருக்கிற பெட்டிக்கு ஒரு பொட்டு இல்லையா? வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தார். லொறிக்காரர்கள் இஞ்சினை ஓடவிட்டுத்தானே பூஜை போடுகிறார்கள் என்று கம்ப்யூட்டரையும் போட்டு, பெட்டியை அதில் மாட்டி, அதன் நீல வெளிச்சம் மினுங்க மினுங்கச் சூடம் காட்டினார்.

பிற்பகல் நமுனுகுல மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடி கேட்டதுமே பிளக்கைப் பிடுங்க எழுந்தார். மற்ற நாளென்றால் பிடுங்கியிருப்பார். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை தொடக்கூடாது என்று ஊறிப்போன புத்தி கையைப் பிடித்தது. அதே கை கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்த இடி, இன்டர்நெட்டுக்காக மாட்டியிருந்த டெலிபோன் வயர் வழியாக உள்ளே வந்து கம்ப்யூட்டரையும் பெட்டியையும் சேர்த்துக் கருக்கியது. இதற்கு யாரைத் திட்டுவது? சாமியைத் திட்டவும் அவருக்கு வாய் வரவில்லை. கருகிய வாடையில் நின்று, மகளை இரண்டாவது தடவை கொன்றவன் தானே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

கம்ப்யூட்டரையும் பெட்டியையும் கொழும்புக்குக் கொண்டுபோனார். பார்த்தவர்கள் எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள். திரும்பி வந்து, செத்த பெட்டியைப் பழையபடி சேலைகளுக்கு நடுவில் வைத்தார். விசாலாட்சியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

தை மாதம் லக்ஷிகாவின் திதி. படையல் முடிந்து வந்தவர்களும் போனபின், விசாலாட்சி முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். கையில் அந்தப் பெட்டி.

"வாங்க, ஸ்டூடியோவுக்குப் போவோம். இன்னைக்குப் பாத்துர்றேன்."

தங்கராஜா எல்லாவற்றையும் சொன்னார். விசாலாட்சி பெட்டியைத் தடவினாள்.

"அதுல என்ன பேசுனா? நீங்கதானே தெனமும் கேட்டீங்க. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

லக்ஷிகா அதில் அப்பாவைப் போலவே நடித்திருந்தாள். படம் எடுக்க வருகிறவர்களிடம் அவர் சொல்வதைத்தான், இடுப்பில் கைவைத்து, அவரிடமே திருப்பிச் சொல்லியிருந்தாள். தங்கராஜா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாடிய கொஞ்சம் தூக்குங்க. ஆடாதீங்க. ம்... சிரிங்க."

கரகரத்த ஆண்குரல்தான் வந்தது.

விசாலாட்சி காத்திருந்தாள்.

"இது நீங்க எல்லார்கிட்டயும் சொல்றதுதானேங்க" என்றாள். "அவ என்ன சொன்னா?"