வைஃபை காணாமல் போனால்

சத்யபாமாவுக்கு நாற்பத்தேழாவது வயதில் வேலை கிடைத்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து வைத்ததைக் காதில் வாங்கி, பிழையில்லாமல் டைப் செய்து அனுப்பும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் டைப் அடித்தவள். அந்த வேகம் விரல்களை விட்டுப் போயிருக்கவில்லை. அதற்குப் பிறகு பிள்ளைகள், அவர்கள் படிப்பு, ஆறு வருஷம் படுக்கையில் கிடந்த மாமியார் என்று காலம் ஓடிவிட்டது. மாமியார் பரமபதித்த வருஷம் முடிந்ததும் விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். வயதைப் பார்த்ததுமே பல இடங்களில் பேச்சு நின்றுபோனது. கடைசியில் ஒரு கம்பெனி, ஒரு மாசப் பயிற்சிக்குப் பிறகு பார்க்கலாம் என்றது.

பயிற்சிக்கு ஒரே ஒரு கண்டிப்பு. காலை பத்து மணிக்குள் நெட் வழியாக உள்ளே வந்துவிட வேண்டும். இரண்டு நாள் தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள். போன வியாழக்கிழமை ஸ்ரீரங்கத்தில் கரண்ட் போய் ஒரு நாள் ஏற்கெனவே தவறியிருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு லேப்டாப்பைத் திறந்தாள். திரை புதுசாக, பளபளவென்று இருந்தது. மூலையில் எப்போதும் விசிறி மாதிரி தெரியும் வைஃபை குறி மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஓர் உலக உருண்டையும் அதன் மேல் ஒரு தடைக் குறியும்.

"ஏன்னா, லேப்டாப்ல ஏதாவது பண்ணினேளா?"

கணவர் சேஷு கல்லூரி அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானில் கை நின்றது.

"நேத்து சாயங்காலம் அதுவே கேட்டுண்டே இருந்தது, பாமா. புது வெர்ஷன் வந்திருக்கு, மாத்தட்டுமான்னு. உனக்கு வேகமா ஓடட்டுமேன்னு சரின்னு அமுக்கினேன்."

அவர் முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்குக் கோபிக்க வரவில்லை. அவருடைய போனிலிருந்து இணைப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். லேப்டாப்புக்கு எந்த வைஃபையும் கண்ணில் படவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளின் பெயர்கள்கூட இல்லை. வீட்டு ரூட்டரிலிருந்து ஒயர் செருகலாம் என்றால், அந்த மெல்லிய லேப்டாப்பில் அதற்கான ஓட்டையே கிடையாது. ரிப்பேர் கடை பத்தரைக்கு மேல்தான் திறக்கும். கம்பெனியில் பயிற்சி கொடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டாள். "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா கனெக்‌ஷனை நீங்கதான் பார்த்துக்கணும். ரூலை நான் மாத்த முடியாது" என்று அந்தப் பெண் தணிந்த குரலில் சொன்னாள்.

மணி எட்டே முக்கால். சத்யபாமா தன் போனில் தேட ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில் ஆயிரம் பதில்கள் வந்தன. ஒவ்வொன்றும் இன்னொன்றைப் படிக்கச் சொன்னது. இரண்டு யோசனைகளை முயன்று பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சேஷு அலுவலகத்துக்குப் போகாமல் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"தமிழ்ல கேட்டுப் பாரேன்" என்றார்.

கேட்டாள். ஒரே ஒரு பக்கம்தான் உருப்படியாக வந்தது. நாலு வருஷத்துக்கு முன் எழுதியது. எழுதியவர் பெயர் இருதயமேரி, ஊர் பாலக்கரை என்று இருந்தது. அது இப்படி ஆரம்பித்தது:

'அப்டேட் போட்ட பிறகு வைஃபை காணாமல் போயிருந்தால், லேப்டாப் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். வைஃபையை இயக்கும் சின்ன மென்பொருள் புது வெர்ஷனோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். எனக்கு இதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. உங்களுக்கு அரை மணி போதும். முதலில் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பதற்றத்தில் கை தப்பான இடத்தை அமுக்கும்.'

சத்யபாமா காபி குடிக்கவில்லை. ஆனால் அதைப் படித்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அதுவரை நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

போனை ஒயரால் லேப்டாப்போடு இணைத்தால் போனின் நெட் ஒயர் வழியாகவே வரும். முதலில் அதைச் செய்ய வேண்டும் என்று இருந்தது. செருகினாள். போன் சார்ஜ் ஏறியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்த வரியிலேயே அதற்கும் பதில் இருந்தது. 'சில ஒயர்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். போன் வாங்கியபோது பெட்டியோடு வந்த ஒயரைத் தேடி எடுங்கள்.'

"பெட்டி எங்க இருக்கு?"

"பரண்ல" என்று சொல்லிக்கொண்டே சேஷு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அலுவலகத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு மேலே ஏறி, கொலு பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து போன் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சட்டை முழுக்க ஒட்டடை. ஒயர் அதில், பிரிக்காத காகிதச் சுற்றோடு இருந்தது.

அதைச் செருகியதும் போனில் ஒரு வசதியை இயக்க வேண்டும். இருதயமேரி சொன்ன இடத்தில் அது இல்லை. போன்கள் மாறிவிட்டன போலிருக்கிறது. பத்து நிமிஷம் ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து தேடி, வேறு ஒரு தலைப்புக்குக் கீழே அதைக் கண்டுபிடித்தாள். உருண்டையின் மேலிருந்த தடைக் குறி மறைந்தது. நெட் வந்துவிட்டது. அப்புறம் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தபடியே, லேப்டாப் செய்த கம்பெனியின் தளத்துக்குப் போய், மாடல் எண்ணைக் கொடுத்து, வைஃபைக்கான மென்பொருளைப் புதிதாக இறக்கினாள். பழையதை நீக்கி, அதைப் போட்டு, ஒரு தடவை அணைத்துத் திறந்தாள்.

விசிறிக் குறி வந்தது. அதைத் தொட்டதும் தெருவில் இருக்கிற வீட்டு வைஃபைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"பெருமாளே!" என்றார் சேஷு.

ஒன்பது ஐம்பத்து மூன்றுக்கு சத்யபாமா வேலைக்குள் நுழைந்தாள். அன்று முதல் பதிவு, முழங்கால் வலியோடு வந்த ஒரு நோயாளியைப் பற்றியது. டைப் செய்யும்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அதற்கு முழங்கால் வலி காரணமில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கத்துக்குக் கீழே நன்றி எழுதி அனுப்பினாள். அது வெளியே தெரியவில்லை. போகவில்லை போலிருக்கிறது என்று மறுநாள், போனில் அந்த வசதி இடம் மாறியிருப்பதையும் சேர்த்து, இன்னொரு தடவை எழுதினாள். அதுவும் தெரியவில்லை. கருத்துகள் என்ற இடத்தில் பூஜ்யம் என்றே இருந்தது. நாலு வருஷத்தில் ஒருவர்கூட இந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லவில்லையா? அதை நினைக்க நினைக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருதயமேரி எழுதியவை மொத்தம் ஒன்பது குறிப்புகள். எல்லாவற்றையும் படித்தாள். பிரின்டர், பாஸ்வேர்ட், திரை கறுத்துப்போவது. ஒன்றில் இப்படி ஒரு வரி இருந்தது: 'எங்கள் வீட்டுக்குக் கீழே பெரியப்பாவின் காபித்தூள் கடை. மிஷின் ஓடும்போது என் மேஜை ஆடும். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.'

"பாலக்கரையில மாடி வீட்டோட காபித்தூள் கடை எத்தனை இருந்துடப் போறது?" என்றாள் சேஷுவிடம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காரவடிசல் செய்து தூக்கில் எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினாள். பாலக்கரையில் இறங்கி இரண்டு பேரிடம் கேட்டாள். இரண்டாவது ஆள், மொபைல் கடை வைத்திருக்கும் நவ்ஷாத், வாசலுக்கே வந்து கையைக் காட்டினார். "நேரா போங்கம்மா. வாசனை வரும். அப்புறம் யாரையும் கேக்க வேணாம்."

கடையில் பெரியவர் ஒருவர் மிஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். இருதயமேரி என்று சொன்னதும், "மேரி! உன்னைத் தேடி ஒரு அம்மா வந்திருக்காங்க!" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்த இருதயமேரி படியில் இறங்கி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இறங்கும்போது இடது காலை மட்டும் கொஞ்சம் யோசித்து வைத்தாள்.

"வைஃபை காணாமல் போனால்னு எழுதினது நீங்கதானேம்மா?" என்று சத்யபாமா கேட்டாள்.

இருதயமேரிக்கு முதலில் புரியவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அதுவா! அது இன்னும் இருக்கா? அதுல ஏதாவது தப்பா போச்சாக்கா?"

"தப்பா? என் வேலை போகாம நின்னதே அதனாலதான். நன்றி சொல்லத்தான் வந்தேன்."

மாடி அறையில் உட்கார்ந்து சத்யபாமா நடந்ததையெல்லாம் சொன்னாள். சேஷு ஒட்டடையோடு பரணிலிருந்து இறங்கியதைச் சொன்னபோது இருதயமேரி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் தன் கதையைச் சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன் ஸ்கூட்டியில் விழுந்து கால் உடைந்துவிட்டது. நாலு மாசம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரி வரவேற்பு வேலையை வீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருந்தாள். அப்போதுதான் வைஃபை போனது. படி இறங்கிக் கடைக்குப் போக முடியாது.

"மூணு நாள் அழுதுகிட்டே கண்டுபிடிச்சேன்க்கா. என்னை மாதிரி எங்கேயோ ஒருத்தர் மாட்டிக்கிட்டு இருப்பாங்கல்ல, அவங்களுக்கு ஆகட்டுமேன்னு எழுதினேன். யாரும் படிச்ச மாதிரி தெரியலை. கால் சரியானதும் வேலைக்குப் போயிட்டேன். அதோட விட்டுட்டேன்."

"நான் ரெண்டு தடவை எழுதிப் போட்டேனே, வரலையா?"

"நான் உள்ள போயே மூணு வருஷம் ஆச்சு."

இருவரும் லேப்டாப்பைத் திறந்தார்கள். இருதயமேரி பாஸ்வேர்டை மறந்திருந்தாள். அதற்கு அவள் எழுதிய குறிப்பையே சத்யபாமா போனில் எடுத்துப் படித்துக் காட்ட, ஒருவழியாக உள்ளே போனார்கள்.

கருத்துகள் என்ற இடத்தில், அனுமதிக்குக் காத்திருப்பவை நூற்றுப் பதினெட்டு என்று இருந்தது.

இருதயமேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் யாரோ சொன்னார்கள் என்று, தான் பார்த்து அனுமதித்தால்தான் கருத்துகள் வெளியே தெரியும்படி அமைத்து வைத்திருந்தாள். அதை அவளே மறந்துவிட்டாள்.

முதல் கருத்தைத் திறந்தாள். படிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டாள். "நீங்க படிங்கக்கா" என்றாள்.

சத்யபாமா சத்தமாகப் படித்தாள். ஷார்ஜாவிலிருந்து ஒருவர், ஊரிலிருக்கும் அம்மாவைத் திரையில் பார்க்க முடியாமல் தவித்தபோது இது கைகொடுத்தது என்று எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை, 'தங்கச்சி, நல்லா இருங்கோ' என்று மட்டும் எழுதியிருந்தார். காட்டூரிலிருந்து தேவதர்ஷினி என்ற மாணவி, பரீட்சைக்கு இருபது நிமிஷம் முன்னால் இணைப்பு வந்துவிட்டதாகவும், எழுதி முடித்துவிட்டு வந்து சொல்வதாகவும் எழுதியிருந்தாள். அதற்குக் கீழேயே, நாலு மணி நேரம் கழித்து, 'எழுதிட்டேன் அக்கா!' என்று இன்னொன்று.

கீழே மிஷின் ஓட ஆரம்பித்தது. மேஜை லேசாக ஆடியது. இருதயமேரி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "படிங்க, படிங்க" என்றாள்.

நாற்பதாவதோ நாற்பத்தொன்றாவதோ வேறு மாதிரி இருந்தது. உப்பிலியபுரத்திலிருந்து மதுரைவீரன் என்பவர் எழுதியது. 'அம்மா, நீங்க சொன்ன இடத்துல அந்த வசதி போன்ல இல்லை. மகளுக்கு காலேஜ் விண்ணப்பம் போடணும். நாளைக்குக் கடைசி நாள். என்ன செய்யறதுன்னு சொல்லுங்க.' கீழே போன் நம்பர். எட்டு மாசத்துக்கு முந்திய தேதி.

இருதயமேரியின் முகம் வாடிவிட்டது. "பாவம்க்கா. பதிலுக்காகப் பார்த்துக்கிட்டே இருந்திருப்பாரு."

"நானும் அதே இடத்துலதான் தடுமாறினேன். இப்ப அது வேற தலைப்புக்குள்ள இருக்கு. அதைச் சொல்லத்தான் ரெண்டாவது தடவை எழுதினேன்" என்ற சத்யபாமா கொஞ்சம் யோசித்தாள். "கூப்பிட்டுப் பாருங்களேன்."

"இவ்வளவு நாள் கழிச்சா? என்னன்னு சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்கள். பின்னால் எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம்.

"வணக்கங்க. நான் பாலக்கரையிலேர்ந்து இருதயமேரி பேசறேன். வைஃபை பத்தி நெட்ல எழுதியிருந்தேனே… நீங்க ஒரு கேள்வி கேட்டிருந்தீங்க. இன்னைக்குத்தாங்க பார்த்தேன். மன்னிச்சிடுங்க."

மோட்டார் சத்தம் தூரப் போனது, எழுந்து நடந்திருக்கிறார்.

"அட, நீங்களாம்மா!" என்றார் மதுரைவீரன். "மன்னிப்பெல்லாம் எதுக்குங்க. அன்னைக்கு ராவே என் பொண்ணு போனை நோண்டி அதைக் கண்டுபிடிச்சிருச்சு. மிச்சத்தை நீங்க எழுதியிருந்த மாதிரியேதான் செஞ்சோம். விண்ணப்பமும் போட்டாச்சு, எடமும் கெடைச்சிருச்சு. திருச்சியிலதான் ஹாஸ்டல்ல படிக்குது. இதைச் சொல்லணும்னு நெனைச்சேன், வேலையில விட்டுப்போச்சு. நீங்க கூப்பிட்டுக் கேக்கறீங்க பாருங்க!"

"பொண்ணு பேர் என்னங்க?"

"அறிவுமதிங்க. கம்ப்யூட்டர்தான் எடுத்திருக்கு. யாருக்கு எது ரிப்பேர்னாலும் இது போய் உக்காந்துக்குதுன்னு வார்டனம்மா சொல்றாங்க." அவர் குரலில் பெருமை பொங்கியது. "இந்தப் பக்கம் வந்தா அவசியம் வீட்டுக்கு வரணும்."

பேசி முடித்த பிறகு இருதயமேரி கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, நூற்றுப் பதினெட்டுக்கும் அனுமதி கொடுத்தாள். தன் குறிப்பைத் திறந்து, பழைய வரியை எடுத்துவிட்டு, சத்யபாமா சொல்லச் சொல்லப் புதிய வழியை எழுதினாள். கீழே, 'திருத்தம் தந்தவர்: சத்யபாமா, ஸ்ரீரங்கம்' என்று சேர்த்தாள்.

"எம்பேரெல்லாம் எதுக்குமா?"

"இருக்கட்டும்க்கா. அடுத்த தடவை அப்டேட் வந்து எது மாறினாலும் எனக்குத் தெரியாது. நீங்க தினம் லேப்டாப்புலயே இருக்கீங்க. பார்த்து எனக்குச் சொல்லணும். நான் எழுதறேன். இனிமே விட மாட்டேன்."

சத்யபாமா சரி என்றாள். பெரியப்பா மூன்று டம்ளர் காபியோடு படியேறி வந்தார். தூக்கைத் திறந்ததும் நெய் வாசனையும் காபி வாசனையும் சேர்ந்து அறையை நிறைத்தன. பெரியவர் அக்காரவடிசலை ஒரு வாய் போட்டுக்கொண்டு, யார் இந்த அம்மா, எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தம்பி மகளைக் கேட்டார்.

இருதயமேரி ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.